ஒரு கிராமுக்கு ஒரு பறவை

உங்கள் ரத்த வகை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ராசி, நட்சத்திரம், லக்னம் எல்லாம் தெரிந்திருக்கலாம். நீங்கள் எந்தப் பறவை என்று தெரியுமா? தெரியாது. குங்குமப்பூவை எடை போட்டுக்கொண்டே, உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதைச் சொல்லிவிடக்கூடிய மனிதர் இந்த வளைகுடா முழுக்க ஒரே ஒருத்தர்தான் உண்டு. அவரோடு பழகியிருக்கிறேன் என்பதை என் பயோடேட்டாவில் எழுதலாம் என்றால், எந்தக் கம்பெனியும் அதற்குத் தனியாகக் கட்டம் போட்டுத் தருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் குங்குமப்பூ அண்ணாச்சி. பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் துபாய் தேராவில், மசாலா மார்க்கெட்டின் ஓரத்தில், க்ரீக் என்கிற உப்பங்கழியைப் பார்த்து வாசல் வைத்த அந்த ஈரானியர் கடையில் முதலாளியே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார். பக்கத்துக் கடை ஆப்கானிக்கும், வண்டி தள்ளுகிற பெங்காலிக்கும், எதிர்க்கடை மலையாளிக்கும் அவர் அண்ணாச்சி. திருச்செந்தூர் பக்கத்து ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை. விரல் நுனிகள் எப்போதும் மஞ்சள். அதே விரலால் அடிக்கடி மூக்கைத் தொடுவதால் மூக்கு நுனியும் மஞ்சள்.

இன்னொரு விஷயம். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கடையில் அவருக்கென்று இருந்த ஸ்டூலை அவரே தூக்கிப் பக்கத்துக் கடைக்குக் கொடுத்துவிட்டார். சாப்பாடு நின்றபடி, டீ நின்றபடி, கணக்கு நின்றபடி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், அவசரப்படக் கூடாது.

நான் அப்போது அதே தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கப்பல் காகிதங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலில் ஒருநாளும் ஏறியதில்லை. எங்கள் கம்பெனியின் கிடங்கு ஜெபல் அலியில் இருந்தது. அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற செல்வம், பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன், ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"சார், வீட்ல உண்டாயிருக்காங்க சார். குங்குமப்பூ வாங்கணும். எனக்கு நல்லது கெட்டது தெரியாது. நீங்க கூட வாங்க சார்."

நம் ஆட்களுக்கு இது விளக்கத் தேவையில்லாத அவசரம். மனைவி கர்ப்பம் என்ற செய்தி ஊரிலிருந்து வந்த மறுநிமிஷமே வளைகுடாக்காரனுக்குக் குங்குமப்பூ ஞாபகம் வந்துவிடும். பாலில் போட்டுக் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று அவனுடைய மாமியார் நம்புகிறார், அத்தை நம்புகிறார், படித்த நாத்தனாரும் ரகசியமாக நம்புகிறார். லீவுக்குப் போகிற யார் பெட்டியிலாவது ஒரு கிராம் டப்பாவைச் சொருகி அனுப்பாவிட்டால் அவன் மனுஷனே இல்லை. எனக்கும் குங்குமப்பூவில் நல்லது கெட்டது தெரியாது என்பதைச் செல்வத்திடம் சொல்லாமல் கூடப் போனேன்.

அண்ணாச்சி டப்பாவைத் திறக்கவேயில்லை. செல்வத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏல, நீ புல்புல்லா!"

"என்னாங்கய்யா?"

"புல்புல்டே. ரோசாப்பூவ நெனச்சு அழுதுகிட்டே பாடும் பாரு, அந்தக் குருவி. பொண்டாட்டி நெனப்பு கண்ணுல நிக்குதே. பொறக்கப்போற பிள்ளைக்கும் புல்புல்தான். எழுதி வச்சுக்கோ. தொண்டை எட்டு ஊருக்குக் கேக்கும்."

செல்வம் சொக்கிப் போய்விட்டான். பிள்ளை சிவப்பாகப் பிறக்குமா என்று கேட்டதற்கு அண்ணாச்சி கையை விரித்தார்.

"செவப்புக்கு நான் கியாரண்டி கெடையாதுப்பா. பறவைக்குத்தான் கியாரண்டி."

நான் என் முறைக்காகக் காத்திருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, ஆசையாகத்தான் இருந்தது. கழுகு என்று சொல்வாரோ, மயில் என்று சொல்வாரோ! அண்ணாச்சி என்னை நெற்றியிலிருந்து ஷூ வரைக்கும் பார்த்தார். மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

"கப்பல்காரரே, உமக்கு இன்னும் பறவை வரலவே. அடுத்த தடவ வாரும், பாப்போம்."

விசா ரிஜெக்ட் ஆனவன் மாதிரி வெளியே வந்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்குப் புல்புல், டிகிரி படித்தவனுக்கு ஒரு காடை கூடக் கிடையாதா? அன்றிலிருந்து, தினம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தேன்.

இந்தப் பறவைச் சரக்கெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது? கடை முதலாளி பெரிய ஆகாவிடமிருந்து. ஆகா, ஈரானில் ஷிராஸ்காரர். சாயங்காலத் தொழுகை முடிந்து வியாபாரம் மந்தமாக இருக்கிற நேரத்தில் பழைய பாரசீக ஞானிகளின் கவிதைகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். கேட்க ஒரு ஆள் வேண்டும். கடையில் இருந்த ஒரே ஆள் அண்ணாச்சி. முதலில் கொஞ்ச காலம் முதலாளி ஏதோ பழைய பாக்கியை நினைத்துப் புலம்புகிறார் என்றுதான் அண்ணாச்சி தலையாட்டினாராம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாஷை பிடிபட்டது. பிடிபட்டதும் ஆள் கைமீறிப் போய்விட்டார்.

அந்தக் கவிதைகளில் மனுஷர்களைவிடப் பறவைகள் அதிகம். புல்புல் ரோஜாவை விட முடியாத காதலன். ராஜாளி, ராஜாவின் முரசுச் சத்தம் கேட்டதும் எங்கிருந்தாலும் அவர் மணிக்கட்டுக்குத் திரும்பிவிடுகிற ஆத்மா. கிளி, கண்ணாடியைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிற சிஷ்யன். தலையில் கொண்டை வைத்த கொண்டலாத்தி, அதாவது ஹுத்ஹுத், வழி தெரிந்த தூதுவன். இதெல்லாம் நாம் கண்ணால் பார்க்கக்கூடியவை. இவற்றுக்கு மேலே, யாரும் பார்த்திராத இரண்டு இருக்கின்றன. ஒன்று சீமுர்க். உலகத்தின் ஓரத்திலுள்ள காஃப் மலையில் இருக்கிற பறவைகளின் ராஜா. பெயர் எல்லோருக்கும் தெரியும், முகம் யாருக்கும் தெரியாது. ஞானிகள் கடவுளைத்தான் அப்படிச் சொன்னார்கள். இன்னொன்று ஹுமா. அது தரையில் இறங்கவே இறங்காது, பறந்துகொண்டே இருக்கும். அதன் நிழல் யார் மேல் விழுகிறதோ அவர் ராஜா.

அண்ணாச்சி உட்காராததற்கு இதுதான் காரணம்.

"ஹுமா வார நேரத்துல நாம உக்காந்திருந்தா, முட்டியப் புடிச்சு எந்திரிக்கதுக்குள்ள நெழலு போயிரும்லா வே!"

அவர் சொன்னது அத்தனையும் கவிதையில் உள்ளபடி இருந்தது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. நம் கருடனை சீமுர்க்கின் சித்தப்பா மகன் என்பார். அன்னப்பறவை, இருதலைப்பட்சி எல்லாம் அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவை என்பார். நான் மறுத்தால் ஒரே பதில்தான்.

"எல்லாம் ஒரே குடும்பம்வே. பாஸ்போர்ட்டுதான் வேற வேற."

ஹுமாவின் நிழலுக்குக் காத்திருந்து பார்த்தவர், ஒரு கட்டத்தில் மாற்று ஏற்பாடு கண்டுபிடித்தார். தேராவுக்கு மேலே விமானம் தாழ்வாகப் போகும், ஏர்போர்ட் பக்கம் என்பதால். வெயில் வாகாக இருந்தால் அதன் நிழல் தெருவில் ஓடிவந்து, கட்டடத்தில் ஏறி இறங்கி, க்ரீக்கில் குதித்து அக்கரைக்குப் போய்விடும். அண்ணாச்சிக்கு அது போதும். சத்தம் கேட்டதும் தராசை அப்படியே விட்டுவிட்டு, எதிரில் நிற்பவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவார். ரஷ்யச் சுற்றுலாப் பெண்மணி ஒருத்தி, தன் பையைத்தான் பறிக்கிறார் என்று நினைத்துக் கூச்சல் போட்டாள். நிழல் மேலே விழுந்ததும் அண்ணாச்சி அவளைப் பார்த்துக் கைகூப்பி, "மகாராணி, மகாராணி" என்றார். என்ன புரிந்ததோ, போகும்போது செல்ஃபி எடுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணாச்சி, அது கொச்சின் ஃப்ளைட்" என்றேன் நான். எனக்கு விமான நேரமெல்லாம் அத்துப்படி.

"இருக்கட்டும்வே. உள்ள இருக்கவன்லாம் யாரு? லீவுக்குப் போறவன். அவன் நெழல விட ராசியான நெழலு இந்த ஊர்ல வேற எங்கன இருக்கு, சொல்லும்!"

விமான நேரம் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

வினை என்னவென்றால், ஒருநாள் செல்வமும் அந்த நிழலில் நின்றுவிட்டான். ரொம்ப நாளாக இழுத்தடித்த அவன் லீவு மறுநாளே பாஸாகிவிட்டது. அவ்வளவுதான், செய்தி தொழிலாளர் கேம்ப்புக்குப் போனது. அதற்கப்புறம் விடுமுறை நாள் மத்தியானம் பார்த்தால், கடை வாசலில் உச்சி வெயிலில் ஒரு கூட்டம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒருத்தனுக்கு லீவு வேண்டும், ஒருத்தனுக்கு டிரைவிங் டெஸ்ட் பாஸாக வேண்டும், ஒருத்தனுக்குப் பெண் வீட்டார் சரி சொல்ல வேண்டும். சத்தம் கேட்டதும் "யல்லா, யல்லா!" என்று எல்லோரும் நிழலைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். நிழல் க்ரீக்கில் இறங்கிவிட்டால் கரையில் நின்று ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள். ஆப்ரா படகில் அக்கரைக்குப் போகிறவர்கள் இதை மீன்பிடிப் போட்டி என்று நினைத்திருக்கலாம்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து என்ன கூட்டம் என்று கேட்டார். அண்ணாச்சி அவரை ஒரு பார்வை பார்த்தார். "ஷாஹீன்!" என்றார். ராஜாளி என்று அர்த்தம். அந்த ஊர்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறு கிடையாது. போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நடைபாதையை மறைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நடையே மாறிப் போயிருந்தது, நான் கவனித்தேன். ஆக, போகிற வருகிற போலீஸ்காரருக்கும் பறவை உண்டு. எனக்கு இல்லை.

"எனக்கு எப்பதான் அண்ணாச்சி?"

"அவசரப்படாதீரும். உமக்கு உள்ளதை உமக்குத்தான் குடுப்பேன்."

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரிய ஆகாவுக்கு முட்டி வலி. கடையை மகனிடம் விட்டுவிட்டு ஷிராஸுக்குப் போனார். மகன், சின்ன ஆகா, வெளிநாட்டில் படித்தவர். லேப்டாப்போடு வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் வந்த முதல் வாரமே கடையின் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு கிராம் வாங்க வருகிறவனுக்கு அண்ணாச்சி அரைமணி நேரம் பறவை சொல்கிறார். டீயும் வாங்கிக் கொடுக்கிறார். அந்த டீயின் விலையை ஒரு கிராமிலிருந்து கழித்தால் கடைக்கு மிஞ்சுவது பறவை மட்டுமே.

"எனக்கு இந்த ஒரு கிராம் கூட்டம் வேண்டாம் அண்ணாச்சி" என்றார் சின்ன ஆகா, இந்தியில். கடையில் எல்லோருக்கும் பொதுவான பாஷை அதுதான். "ஒரே ஒரு பெரிய கஸ்டமர் போதும். ராஜா மாதிரி ஒருத்தர். பெரிய ஹோட்டல் ஒன்று சரக்கு பார்க்க வருகிறது. அந்த ஆர்டர் வந்தால் கடை இருக்கும், நீங்களும் இருப்பீர்கள். வராவிட்டால் இதைச் செண்ட் கடையாக மாற்றப் போகிறேன். உங்கள் விசாவை கேன்சல் பண்ண வேண்டியதுதான்."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அன்றைக்கு வந்த ஒருத்தனுக்கும் பறவை சொல்லவில்லை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஹோட்டல் பர்ச்சேஸ் மேனேஜர் வருகிற நாளில் நானும் செல்வமும் லீவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனோம். அண்ணாச்சிக்குப் பாடம் எடுத்தோம். பறவை பற்றி மூச்சு விடக் கூடாது. அவர் என்ன பறவை என்று தெரிந்தாலும் சொல்லக் கூடாது.

"வாயில நாலு ஏலக்காயப் போட்டு அடச்சுக்கிடுதேன், போதுமா?" என்றார்.

அப்படியே செய்தார். மேனேஜர் வந்தார். நீலக் கோட்டு, பளபளக்கிற ஷூ, இரண்டு ஃபோன். குங்குமப்பூவை முகர்ந்தார், தண்ணீரில் போட்டு நிறம் இறங்குவதைப் பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார். அண்ணாச்சி ஏலக்காயை மென்றபடி தலையை மட்டும் ஆட்டினார். எனக்கே ஆச்சரியம், என்ன கட்டுப்பாடு! மேனேஜர் திருப்தியாகச் சிரித்தார். சின்ன ஆகா கை குலுக்கக் கையை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து மேலே விமானச் சத்தம்.

செல்வம் என்னைப் பார்த்தான். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி மேனேஜரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் துளி சுயநலம் கிடையாது. இவ்வளவு பெரிய மனுஷன், இவருக்கு ராஜயோகம் கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்ற பதைப்பு மட்டும்தான் இருந்தது. ஏலக்காயைத் துப்பிவிட்டு, "ஓடியாரும்வே!" என்று கத்தியபடி மேனேஜர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

தெருவில் பெங்காலி ஒருத்தர் கைவண்டி நிறையக் காய்ந்த எலுமிச்சை மூட்டை தள்ளிக்கொண்டு வந்தார். மேனேஜர் வண்டியில் மோதினார். மூட்டை அவிழ்ந்தது. காய்ந்த எலுமிச்சைக்கு உருளுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. பளபளக்கிற ஷூ அதன் மேல் கால் வைத்தது. நீலக் கோட்டு உட்கார்ந்த நிலையில் கொஞ்ச தூரம் போனது. ஒரு ஃபோன் சாக்கடை மூடி மேல் விழுந்தது, இன்னொன்று எங்கே போனதென்று கடைசிவரைக்கும் தெரியவில்லை.

விமான நிழல் அவர் மேல் சரியாக விழுந்துவிட்டுப் போனது.

"விழுந்துட்டு, விழுந்துட்டு! இனிமே நீரு ராஜா!" என்று கைதட்டினார் அண்ணாச்சி.

ராஜா எழுந்து, கோட்டைத் தட்டிக்கொண்டு, டாக்ஸி பிடித்துப் போய்விட்டார். சின்ன ஆகா வாசலில் நின்றார். அவருக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

"பஸ், அண்ணாச்சி. கலாஸ், முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருங்கள். திங்கட்கிழமை கேன்சல்."

அடுத்த இரண்டு நாள் நான் இன்னொரு ராஜாவைத் தேடித் தேராவை அலசினேன். பிரியாணிக் கடைக்காரர் தாம் கலர்ப்பொடிதான் போடுவதாக மனசாட்சியோடு சொன்னார். ஸ்வீட் கடைக்காரர், குங்குமப்பூ என்று போர்டில் எழுதினாலே போதும், ஸ்வீட்டில் போட வேண்டியதில்லை என்றார். சூப்பர் மார்க்கெட்காரர் நேரமே கொடுக்கவில்லை. தோற்றுப் போய்ச் செல்வத்துக்கு ஃபோன் போட்டேன்.

"நெசமாவே கேன்சலா சார்? அவரு பாட்டுக்குப் போயிட்டா அப்புறம் எங்க சார் பாக்கறது? எங்காளுங்ககிட்டச் சொல்றேன் சார். வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போவட்டும்."

"சொல்லுப்பா. நானும் எனக்குத் தெரிஞ்ச டிரைவர்களுக்கெல்லாம் சொல்றேன்" என்றேன். சொன்னேன். லாரி டிரைவர்கள், போர்ட் ஆட்கள், டெலிவரிப் பையன்கள், யார் நம்பர் இருந்ததோ அத்தனை பேருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். தொண்டை கட்டிவிட்டது. வழியனுப்ப நாலு பேர் வந்தால் அண்ணாச்சிக்கு ஆறுதலாக இருக்குமே என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போனபோது, மார்க்கெட்டில் ஏதோ தகராறு என்றுதான் நினைத்தேன். மெட்ரோவிலிருந்து கடை வரைக்கும் தலை, தலை, தலை! ஜெபல் அலி கேம்ப் அப்படியே எழுந்து வந்திருந்தது. ஷார்ஜாவிலிருந்து பெயிண்டர்கள், அல் அய்னிலிருந்து டைல்ஸ் மேஸ்திரிகள், அஜ்மானிலிருந்து தையல்காரர்கள். எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டை. எல்லோர் கையிலும் ஃபோன். ஃபோனில் ஊர்.

செல்வம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் ஃபோனை நீட்டினான். திரையில் அவன் மனைவி, அவள் மடியில் ஒரு பிள்ளை, வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, உங்க புல்புல்லு!"

"ஏல, தொண்டையப் பாத்தியா! நான் சொன்னேம்லா! பாடுதா பாரு!" அண்ணாச்சி குதித்தார். உண்மையாகவே குதித்தார்.

அப்புறம் ஆளாளுக்கு நீட்டினார்கள். "அண்ணாச்சி, இது கிளி." "அண்ணாச்சி, என் மவனுக்கு ராஜாளின்னு சொன்னீங்களே, பாருங்க, தவழுறான்." "அண்ணாச்சி, பொண்ணுக்குப் பேரே ஹுமான்னு வச்சுட்டோம், எங்கய்யாவுக்கு வாயில நுழைய மாட்டேங்குது." ஒரு பெரியவர், பிள்ளை பிறக்க வேண்டிய வயதெல்லாம் தாண்டியவர், "எனக்கு ஆந்தைன்னு சொன்னாரு. பாழடஞ்ச எடத்துல பொதையலக் காக்குற பறவையாம். நான் வாட்ச்மேன் சார்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். இதில் ஒன்று கவனித்தேன். இத்தனை கிராம் குங்குமப்பூ குடித்தும் திரையில் வந்த பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிவப்பு கிடையாது. எல்லாம் நம்ம ஊர் நல்ல கறுப்பு. ஒருத்தரும் புகார் சொல்லவில்லை.

வழியனுப்பத்தான் வந்தார்கள். ஆனால் கடை வரைக்கும் வந்துவிட்டு வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்குமா? ஆளுக்கு ஒரு கிராம் கேட்டார்கள். இரண்டாவது பிள்ளைக்கு, தங்கச்சிக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு, இன்னும் கல்யாணமே ஆகாதவன் எதிர்காலத்துக்கு. அண்ணாச்சி எடை போட்டார், பறவை சொன்னார், எடை போட்டார், பறவை சொன்னார். அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது.

செண்ட் கடைக்கு அளவெடுக்க ஒரு தச்சரோடு வந்திருந்த சின்ன ஆகா, டேப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"யார் இவர்கள்?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு கிராம் கூட்டம், சார்" என்றேன். குரலில் கொஞ்சம் காரம் இருந்தது. இருக்கட்டும்.

அவர் காலியான அலமாரியையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டேப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்.

"அண்ணாச்சி, அப்பா உங்களுக்குச் சீமுர்க் கதை சொல்லியிருக்கிறாரா?"

"சொல்லாம என்ன? பறவைகள்லாம் ராஜாவத் தேடிக் கெளம்புது. பள்ளத்தாக்கு பள்ளத்தாக்கா தாண்டிப் போவுது. இன்னும் போய்ச் சேரல" என்றார் அண்ணாச்சி, தன்னுடைய இந்தியில்.

"போய்ச் சேரவில்லையா? யார் சொன்னது?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பெரிய ஆகா ஒருநாளும் அந்தக் கதையை முடித்ததே இல்லை. முடிவு நெருங்கும்போது கஸ்டமர் வந்துவிடுவார், அல்லது ஆகா தூங்கிவிடுவார். பறவைகள் இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன என்றே அண்ணாச்சி இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

சின்ன ஆகா சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். சின்ன வயதில் அவரைத் தூங்க வைக்க அப்பா சொன்ன கதை அது. இந்தியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"போய்ச் சேர்ந்துவிட்டன அண்ணாச்சி. வழியில் விழுந்தது விழுந்தது போக, மிச்சப் பறவைகள் இறகெல்லாம் கருகி வாசலுக்கு வந்தன. திரை விலகியது. உள்ளே ராஜாவைப் பார்த்தன. கண்ணாடியில் பார்த்த மாதிரி அவையே நின்றன. தனியாக ஒரு ராஜா இல்லை. வந்து சேர்ந்த எல்லாம் சேர்ந்துதான் சீமுர்க்."

செல்வத்தின் ஃபோனில் இருந்த புல்புல் அழுகையை நிறுத்திவிட்டது. அண்ணாச்சி மெதுவாகத் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பெயிண்டர், மேஸ்திரி, தையல்காரர், வாட்ச்மேன், ஃபோர்க்லிஃப்ட். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மஞ்சள் விரலால் மூக்கைத் தொடப் போனவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு, காலியான ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துக் கடை ஆப்கானி ஓடிவந்து எட்டிப் பார்த்தார். எதிர்க்கடை மலையாளி, "அண்ணாச்சிக்கு எந்து பற்றி, என்ன ஆச்சு?" என்று பதறினார். ஒன்றும் இல்லை, கால் வலிக்கிறது என்றார் அண்ணாச்சி. அதற்குமுன் அவருக்குக் கால் வலித்து யாரும் கேட்டதில்லை.

சின்ன ஆகா தச்சரைப் பார்த்து, போகலாம் என்று கைகாட்டினார். நான் பக்கத்தில் போய்த் தயங்கிக் கேட்டேன்.

"சார், திங்கட்கிழமை கேன்சல்?"

"கேன்சல் கேன்சல்" என்றார்.

அந்த ஆரவாரத்தை எழுத எனக்குத் திறமை பத்தாது. செல்வம் என்னைத் தூக்கியே விட்டான், ஃபோர்க்லிஃப்ட் பழக்கம். இறங்கியதும் அண்ணாச்சி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு இன்னொரு பெட்டியைக் காட்டினார்.

"கப்பல்காரரே, உக்காரும். இத்தன பேரையும் கூப்புட்டுக் கூட்டியாந்தது நீரும் செல்வமும்தானாம்லா. உமக்குப் பறவை வந்துட்டுவே. நீரு ஹுத்ஹுத். மத்த பறவைக்கெல்லாம் வழி காட்டுதது அதுதான்." என் வழுக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கொண்டை ஒண்ணுதான் கொறச்சல்."

நான் இப்போது குடும்பத்தோடு மஸ்கட்டில், ரூவியில் இருக்கிறேன். அண்ணாச்சி அதே கடையில், அதே தராசோடு இருக்கிறார். ஃபோன் செய்தால் பின்னால் விமானச் சத்தம் கேட்கும், பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடிவிடுவார். எனக்கு அந்தப் பாரசீக ஞானிகளிடம் ஒரே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஹுமா தரையில் இறங்காது என்று அவர்கள் பாடி வைத்திருக்கிறார்கள். இறங்கும். தேராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்தது. அதன் நிழலில் கொஞ்ச நேரம் நானும் உட்கார்ந்திருந்தேன்.